விடை வந்துவிட்டது, எந்த இலக்கம் வரை நம்பலாம்?

ஓர் இருபடிச் சமன்பாடு. எக்ஸ் வர்க்கத்தின் கெழு 1, எக்ஸின் கெழு மைனஸ் பத்துக் கோடி, மாறிலி 1. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரத்தை அப்படியே பைத்தானில் எழுதி இயக்குங்கள். பெரிய மூலம் பத்துக் கோடி என்று சரியாக வரும். சின்ன மூலம் 0.00000000745 என்று வரும். வர வேண்டியது 0.00000001. கிட்டத்தட்ட 25 சதவீதம் பிழை. சூத்திரம் சரி, நிரலும் சரி. திரையில் ஓர் எச்சரிக்கைகூட வராது.

நடந்தது இதுதான். கணினி ஓர் எண்ணுக்குச் சுமார் 16 இலக்கங்கள்தான் வைத்துக்கொள்கிறது. இங்கே வர்க்கமூலத்தின் மதிப்பும் பத்துக் கோடியை ஒட்டியே இருக்கிறது. ஏறக்குறையச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன்னால் உள்ள நல்ல இலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப் போய், கடைசியில் இருந்த அரைகுறை இலக்கம் மட்டும் மிஞ்சுகிறது. மாற்று வழியும் அதே பத்தாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது: மூலங்களின் பெருக்கற்பலன் இங்கே 1. பெரிய மூலத்தை மட்டும் சூத்திரத்தில் கண்டுபிடித்து, 1ஐ அதனால் வகுத்தால் சின்ன மூலம் சரியாக வந்துவிடும்.

எண்ணியல் முறைகள், சயின்டிஃபிக் கம்ப்யூட்டிங் என்று சொல்லப்படும் துறையின் உயிர்நாடி இதில் இருக்கிறது. விடையைத் தர மென்பொருள் இருக்கிறது. அந்த விடையை எந்த இலக்கம் வரை நம்பலாம், எதை வைத்து நம்பலாம் என்று சொல்லத்தான் ஆள் தேவைப்படுகிறது. சம்பளம் அதற்குத்தான். இந்தத் துறையில் வேலைக்குப் போக நினைக்கும் பொறியியல், இயற்பியல், கணித மாணவர்களுக்கும், சிமுலேஷன் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இந்தக் கட்டுரை. கற்கும் பொருள் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, பெரும்பாலும் இலவசம். எதை முதலில் எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கால்குலேட்டரோடு நின்ற பாடம்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் எண்ணியல் முறைகள் பலருக்கும் ஒரு செமஸ்டர் தாள். கந்தசாமி, திலகவதி, குணவதி மூவரும் எழுதிய புத்தகத்தையோ எஸ்.எஸ்.சாஸ்திரியின் புத்தகத்தையோ வைத்துப் படித்திருப்பீர்கள். நியூட்டன் ராஃப்சனில் நான்கு சுற்று, காஸ் சைடலில் ஓர் அட்டவணை, சிம்ப்சன் விதியில் ஒரு பரப்பு, ரங்கே குட்டாவில் ஒரே ஓர் அடி. எல்லாம் நான்கு தசம இடம் வரை, கையில் கால்குலேட்டரோடு.

அந்த உழைப்பு வீண் இல்லை. முறைகளின் படிகள் உங்கள் கைக்குப் பழகியிருக்கின்றன. வெளிநாட்டில் கணினியில் மட்டுமே படித்த பலருக்கு அது கிடையாது. ஆனால் மூன்று கேள்விகளைத் தேர்வு கேட்பதே இல்லை. இந்த முறை எப்போது கவிழும்? விடையில் பிழை எவ்வளவு? அறியாத எண்கள் மூன்றுக்குப் பதிலாகப் பத்து லட்சம் என்றால் என்ன செய்வது?

அந்தப் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு அலகிலிருந்தும் தீர்த்துக் காட்டிய கணக்கு ஒன்றை எடுத்து நிரலாக எழுதுங்கள். புத்தகத்தில் விடை இருப்பதால் அதுவே உங்கள் நிரலுக்குச் சோதனை. ஐஐடி பாம்பே நடத்தும் ஃபாஸ்ஸீ திட்டத்தில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள்: பாடநூல்களின் தீர்த்த கணக்குகளை மாணவர்கள் சைலேபிலும் பைத்தானிலும் எழுதித் தர, அவை பொதுவில் வைக்கப்படுகின்றன. உங்கள் பாடநூல் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் நிரலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வி.ராஜாராமனின் கம்ப்யூட்டர் ஓரியன்டட் நியூமரிக்கல் மெத்தட்ஸ் இந்தக் கட்டத்துக்கு நல்ல துணை. மெலிந்த புத்தகம், விலை குறைவு, முறையைக் கணினிக்கு ஏற்றபடி யோசிக்கப் பழக்கும்.

முதலில் எண்

அடுத்து எல்லோரும் நேராக மெஷின் லேர்னிங்குக்கோ சிஎஃப்டி மென்பொருளுக்கோ தாவுகிறார்கள். வேண்டாம். ஃப்ளோட்டிங் பாயின்ட் எண்கணிதத்துக்கு முதல் மாதத்தைக் கொடுங்கள். மேலே சொன்ன இருபடிச் சமன்பாட்டின் கதை முழுக்க அதுதான்.

இன்று ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் பின்பற்றும் ஐஇஇஇ 754 தரநிலை 1985இல் வந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒவ்வொரு விதமாக முழுமையாக்கிக்கொண்டிருந்தது. ஒரே நிரல் இரண்டு இடத்தில் இரண்டு விடை தரும். தரநிலையை உருவாக்குவதில் முன்னின்ற வில்லியம் கஹானுக்கு 1989இல் டூரிங் விருது கிடைத்தது. டேவிட் கோல்ட்பர்க் 1991இல் எழுதிய, ஃப்ளோட்டிங் பாயின்ட் பற்றிக் கணினி அறிவியலார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை என்னும் கட்டுரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் வாசிப்பில் கடினமாக இருக்கும். முற்பாதியை மட்டும், கையில் பேனாவோடு படியுங்கள். நிரூபணங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இது வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். 1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர். சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணைத் தளம், பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கவில்லை. 28 படைவீரர்கள் இறந்தார்கள். அந்தத் தளத்தின் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தது. 0.1 என்ற எண்ணை இரும முறையில் முடிவாக எழுத முடியாது; 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். வெட்டியதால் வந்த பிழை கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. ஆனால் அமைப்பு சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அது ஏறக்குறைய 0.34 விநாடியாக வளர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும்; கணினி தவறான இடத்தில் தேடியது. திருத்தப்பட்ட மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

பங்குச் சந்தையிலும் இது நடந்திருக்கிறது. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982இல் 1000 புள்ளியில் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பிறகும் மூன்று தசமத்துக்கு மேல் இருந்ததை முழுமையாக்காமல் வெட்டி எறிந்தார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524இல் நின்றது. சரியாகக் கணக்கிட்டபோது அது 1098.

இந்த மாதத்துக்கு ஒரு பயிற்சி. சைன் சார்பின் வகைக்கெழுவை 1 என்ற புள்ளியில் கணக்கிடுங்கள்: சற்றுத் தள்ளிய புள்ளியின் மதிப்பிலிருந்து இந்தப் புள்ளியின் மதிப்பைக் கழித்து, தள்ளிய தூரத்தால் வகுக்க வேண்டும். தூரத்தை 0.1இல் தொடங்கிப் பத்துப் பத்து மடங்காகக் குறைத்துக்கொண்டே போங்கள். சரியான விடை 0.5403. தூரம் குறையக் குறையப் பிழையும் குறையும். எட்டாவது தசம இடத்தை ஒட்டி மிகக் குறைவாகும். அதன் பிறகு மறுபடி ஏறத் தொடங்கும். தூரம் பதினாறாவது தசம இடத்துக்குப் போகும்போது விடை பூஜ்யம். ஏனென்றால் 1உடன் அவ்வளவு சின்ன எண்ணைக் கூட்டினால் கணினிக்கு அது 1தான். பிழையை வரைபடமாக இழுங்கள். இறங்கும் பக்கத்தில் முறையின் பிழை, ஏறும் பக்கத்தில் முழுமையாக்கும் பிழை. இந்த வரைபடத்தைத் தாமாக வரைந்து விளக்கத் தெரிந்தவரை நான் நம்பி வேலைக்கு எடுப்பேன்.

லீனியர் ஆல்ஜீப்ராவில் தங்குங்கள்

கட்டடத்தின் அதிர்வு, காரைச் சுற்றி ஓடும் காற்று, வானிலைக் கணிப்பு, தேடுபொறியின் தரவரிசை. எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு பெரிய அணியிடம்தான் வந்து நிற்பீர்கள். இந்தத் துறையில் நேரம் செலவிட ஒரே ஓர் இடத்தைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அமெரிக்க எம்ஐடியில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய லீனியர் ஆல்ஜீப்ரா வகுப்புகள் (குரோம்பேட்டை எம்ஐடி என்று தேடிவிடாதீர்கள்) ஓப்பன்கோர்ஸ்வேரில் முழுமையாக, இலவசமாக இருக்கின்றன. கரும்பலகை, சாக்பீஸ், நிதானமான ஆங்கிலம். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கும் பின்தொடர எளிது. ஒரு வகுப்பைப் பார்த்து முடித்ததும் அடுத்ததற்குப் போகாமல் அன்றைய கணக்குகளைப் போட்டுவிட வேண்டும். பார்த்துக்கொண்டே போனால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தாளை எடுத்தால் ஒன்றும் வராது.

ஸ்ட்ராங் முடிந்ததும் டிரெஃபெதனும் பாவும் எழுதிய நியூமரிக்கல் லீனியர் ஆல்ஜீப்ரா. 1997இல் வந்த இந்தப் புத்தகம் 40 சிறு விரிவுரைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்டிஷனிங், ஸ்டெபிலிட்டி பற்றிய பகுதியில் அவசரப்படாதீர்கள். கணக்கே சிக்கலானதா, நாம் எடுத்த முறை சிக்கலானதா என்று பிரித்துப் பார்க்கக் கற்பது அங்கேதான். கணக்கே கோணல் என்றால் எந்த நல்ல முறையும் காப்பாற்றாது. முறை கோணல் என்றால் வேறு முறைக்கு மாறலாம். நாம் பார்த்த இருபடிச் சமன்பாடு இரண்டாம் வகை.

முதல் வகைக்கு ஹில்பர்ட் அணி. முதல் வரிசையில் ஒன்று, இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று போகும். அடுத்த வரிசை இரண்டில் ஒன்றிலிருந்து தொடங்கும். எல்லா விடையும் 1 ஆக வரும்படி வலப்பக்கத்தை அமைத்துவிட்டு, பைத்தானின் நம்பை நூலகத்தைத் தீர்க்கச் சொல்லுங்கள். பரிமாணம் 5 என்றால் எல்லாம் 1. பத்து என்றால் பின்கோடி இலக்கங்கள் கலையத் தொடங்கும். பதினைந்தில் வருவது குப்பை. இந்த அணியின் கண்டிஷன் எண்ணைக் கேளுங்கள்: பத்துப் பரிமாணத்தில் அது 10இன் 13ஆம் அடுக்கைத் தாண்டுகிறது. 16 இலக்கத்தில் 13 போய்விட்டால் மிச்சம் மூன்று. கண்டிஷன் எண்ணைப் பற்றி நினைவில் வைக்க வேண்டிய கட்டைவிரல் கணக்கு இவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே கணக்கில் நம்பை மௌனமாக விடையைத் தந்துவிடும். பைத்தானின் இன்னொரு நூலகமான ஸ்கைபையில் உள்ள அதே வேலைக்கான கட்டளை, விடை நம்பத் தகாததாக இருக்கலாம் என்று எச்சரிக்கும். மேட்லாபும் எச்சரிக்கும். எந்தக் கருவி எப்போது பேசும், எப்போது வாயை மூடிக்கொள்ளும் என்று தெரிந்து வைத்திருப்பது வேலை அனுபவத்தின் ஒரு பகுதி.

அணியின் தலைகீழைக் கண்டுபிடித்துப் பெருக்குவது கல்லூரிப் பழக்கம். அதை இங்கே விட்டுவிடுங்கள். நேரடியாகத் தீர்க்கும் கட்டளை வேகமானது, துல்லியமும் கூடுதல். பெரிய கணக்கில் வேறொரு காரணமும் உண்டு. ஒரு லட்சம் அறியாத எண்கள் என்றால் முழு அணியையும் நினைவகத்தில் வைக்க 80 ஜிபி வேண்டும். ஆனால் இயற்பியலிலிருந்து வரும் அணிகளில் பெரும்பாலான இடம் பூஜ்யம். ஒவ்வொரு வரிசையிலும் மூன்றே எண்கள் உள்ள அணியாக இருந்தால் சில எம்பியில் அடங்கிவிடும். அதன் தலைகீழை எடுத்தால் பூஜ்யங்கள் எல்லாம் நிரம்பி மறுபடி 80 ஜிபி.

இந்தக் கட்டளைகளுக்கு அடியில் ஓடுவது லாபேக் என்ற நூலகம், 1992இல் வெளியானது. நம்பை, மேட்லாப், ஜூலியா மூன்றும் அதன் மேல்தான் நிற்கின்றன. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான ஜாக் டொங்காராவுக்கு 2021ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது தரப்பட்டது. காஸ் நீக்கல் முறையைப் புரிந்துகொள்ள ஒருமுறை நீங்களே எழுதுங்கள். அதன் பிறகு வேலைக்கு லாபேக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

எந்த மொழி, எந்தக் கருவி

இதில் நேரத்தை வீணாக்காதீர்கள். பைத்தானில் தொடங்குங்கள், நம்பை, ஸ்கைபை, மேட்பிளாட்லிப் மூன்றும் பழகுங்கள். வாகன நிறுவனங்களின் கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் மேட்லாப் புழங்குகிறது. கல்லூரியில் உரிமம் இல்லாவிட்டால் ஆக்டேவில் பழகிவிட்டுப் போகலாம், எழுத்துமுறை ஏறக்குறைய ஒன்றே. மேட்லாபை உருவாக்கிய கிளீவ் மோலரின் நியூமரிக்கல் கம்ப்யூட்டிங் வித் மேட்லாப் புத்தகத்தை மேத்வொர்க்ஸ் தளத்தில் இலவசமாகத் தருகிறார்கள். மோலருக்குச் சுவையாக எழுத வரும். 2012இல் வெளிவந்த ஜூலியா வேகமானது, அழகானது. அதை உருவாக்கிய நால்வரில் ஒருவர் இந்தியரான வைரல் ஷா. ஆனால் நம் ஊர் வேலை விளம்பரங்களில் இன்னும் அரிது. வானிலை, விண்வெளி ஆய்வு என்று போக நினைப்பவர்கள் ஃபோர்ட்ரானைப் பழைய மொழி என்று ஒதுக்க வேண்டாம். அங்கே அது இன்றும் ஓடுகிறது.

ஆங்கிலக் காணொளி தடையாக இருந்தால் ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்துக்குப் போங்கள். லினக்ஸ், பைத்தான், சைலேப் போன்ற கருவிகளுக்குச் சின்னச் சின்னப் பாடங்கள். பல பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. கேட்டுக்கொண்டே பக்கத்தில் தட்டச்சு செய்யும்படி அமைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு பொதுப் புத்தகம் வேண்டும் என்பவர்களுக்கு மைக்கேல் ஹீத்தின் சயின்டிஃபிக் கம்ப்யூட்டிங். காசு கொடுக்க முடியாதென்றால் டிரிஸ்காலும் பிரவுனும் எழுதிய ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் நியூமரிக்கல் கம்ப்யூட்டேஷன் இணையத்தில் முழுவதும் திறந்து கிடக்கிறது; நிரலை அங்கேயே பார்க்கலாம். 1986இல் முதலில் வந்த, புகழ்பெற்ற நியூமரிக்கல் ரெசிபீஸை விளக்கங்களுக்காகப் படிக்கலாம். அதன் நிரல்களை அப்படியே அலுவலகத் திட்டத்தில் ஒட்டாதீர்கள். உரிமக் கட்டுப்பாடு உண்டு, அதே வேலைக்கு இன்னும் நன்றாகச் சோதிக்கப்பட்ட இலவச நூலகங்களும் உண்டு. ஹையமின் பிழைப் பகுப்பாய்வுப் புத்தகம் பெரியது. சந்தேகம் வரும்போது திறந்து பார்க்க வேண்டிய நூல், முதலிலிருந்து படிக்க அல்ல.

அடியைப் பாதியாக்கிப் பாருங்கள்

வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு வரும்போது உங்களுக்கு விருப்பமான துறை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாய்மத்தில் ஆர்வம் என்றால் லொரேனா பார்பாவின் சிஎஃப்டி பைத்தான் பாடங்கள்: நேவியர் ஸ்டோக்ஸ் சமன்பாட்டுக்குப் பன்னிரண்டு படிகளில் கூட்டிப் போகும் நோட்புக்குகள், இலவசம். அதன் பிறகு சுஹாஸ் பாட்டண்கரின் 1980ஆம் ஆண்டுப் புத்தகம், நியூமரிக்கல் ஹீட் டிரான்ஸ்ஃபர் அண்ட் ஃப்ளூயிட் ஃப்ளோ. இன்றைய வணிக மென்பொருள்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன புத்தகம் குறைவு. பிறகு ஓப்பன்ஃபோம் மென்பொருள். திண்மப் பொருள்களின் பக்கம் போகிறவர்களுக்கு ஃபெனிக்ஸ், கால்குலிக்ஸ்.

எந்தத் துறையானாலும் ஒரு பழக்கம் மட்டும் எலும்பில் ஊற வேண்டும். அடியின் நீளத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். ஆய்லர் முறையில் பிழை பாதியாக வேண்டும். ட்ரெப்சாய்டல் விதியில் நாலில் ஒன்றாக வேண்டும். நான்காம் வரிசை ரங்கே குட்டாவில் பதினாறில் ஒன்றாக வேண்டும். ஆகவில்லையா, நிரலில் எங்கோ தவறு இருக்கிறது. விடை பார்க்க நன்றாக இருக்கிறது, வரைபடம் வழுவழுவென்று வருகிறது என்பதெல்லாம் சான்று ஆகாது.

ஆயத்தக் கருவிகளிலும் இதைச் செய்யுங்கள். ஸ்கைபையில் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் கட்டளை, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு சார்புப் பிழையைத்தான் இலக்காக வைத்துக்கொள்ளும். மேட்லாபின் ஓடிஇ45உம் அப்படித்தான். கிரகத்தின் சுற்றுப்பாதையை நீண்ட காலத்துக்கு அதில் ஓட்டினால் கிரகம் மெல்ல விலகிப் போகும். கட்டளையின் விளக்கப் பக்கத்தைப் படித்தவருக்கு இது தெரியும். காணொளியில் நகலெடுத்தவருக்குத் தெரியாது. நூலகங்களின் அதிகாரபூர்வ விளக்கப் பக்கங்களைவிட நல்ல இலவசப் பாடநூல் இல்லை என்பது என் கருத்து.

சோதிக்காமல் விட்டதன் விலைக்கு 1991 ஆகஸ்ட் 23 சாட்சி. நார்வேயின் ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனைக்காக நீரில் இறக்கப்பட்டபோது உடைந்து மூழ்கியது. ஃபைனைட் எலிமென்ட் கணிப்பில் வலைப்பின்னல் போதாமல், சில சுவர்களின் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. மென்பொருள் கொடுத்த எண்ணை நுணுக்கமான வலையில் மறுபடி ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வேலை எங்கே, எதைக் காட்டுவது

சென்னை, கோவை, பெங்களூரு, புணே வட்டாரத்தில் சிஏஇ அனலிஸ்ட், சிஎஃப்டி இன்ஜினியர், சிமுலேஷன் இன்ஜினியர் என்ற பெயர்களில் விளம்பரம் வரும். இவற்றில் பெரும்பாலானவை கருவியை ஓட்டும் வேலை. கருவியை எழுதும் வேலை எண்ணிக்கையில் குறைவு, நிலைத்து நிற்கும், வளர்ச்சியும் அதிகம். நம் நாட்டிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு: திருவனந்தபுரத்தில் உள்ள இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், ஃபீஸ்ட் என்ற கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளையும் பிரவாஹா என்ற காற்றியக்கவியல் மென்பொருளையும் தானே எழுதியிருக்கிறது. வானிலைத் துறைக்காக 2024 செப்டம்பரில் புணேயில் அர்கா, நொய்டாவில் அருணிகா என்ற கணினி அமைப்புகள் தொடங்கப்பட்டன. திருச்சி என்ஐடியில் 2022 முதல் பரம் பொருள் மீக்கணினி இயங்குகிறது. நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கீடுகள் செய்யும் திறன். இப்படிப்பட்ட எந்திரங்களுக்கு நிரல் எழுதவும், எழுதியதைப் பிரித்து ஆயிரம் கோர்களில் ஓட்டவும் ஆள் வேண்டும்.

மேலே படிக்க விரும்புகிறவர்களுக்கு: பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கம்ப்யூட்டேஷனல் அண்ட் டேட்டா சயின்சஸ் என்று தனித்துறையே இருக்கிறது. கேட் தேர்வின் மெக்கானிக்கல் தாளில் பொறியியல் கணிதப் பகுதியிலும் எண்ணியல் முறைகள் உண்டு.

விண்ணப்பத்தில் சான்றிதழ்களை அடுக்காதீர்கள். பத்துச் சான்றிதழைவிட ஒரு சிறிய திட்டம் பேசும். ஒரு தகட்டில் வெப்பம் பரவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் தீர்க்கக்கூடிய எளிய நிலை ஒன்றில் உங்கள் நிரல் சரியான விடையைத் தருகிறதா என்று காட்டுங்கள். வலையை மூன்று நான்கு முறை நுணுக்கி, பிழை எதிர்பார்த்த வேகத்தில் குறைவதை வரைபடமாக வையுங்கள். எந்த இடத்தில் உங்கள் நிரல் தோற்கும் என்று ஒரு பத்தி எழுதுங்கள். வேறொருவர் தன் கணினியில் ஓட்டி அதே வரைபடத்தை எடுக்கும்படி கிட்ஹப்பில் வையுங்கள். இவ்வளவு செய்தவர் நேர்முகத்தில் எதைக் கேட்டாலும் சமாளிப்பார். அவர் பேச வேண்டியது எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

லினக்ஸ் முனையமும் கிட்டும் தெரியாமல் இந்தத் துறையில் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்ற தன்னார்வ அமைப்பு, 1998 முதல், ஆராய்ச்சியாளர்களுக்கென்றே இவற்றைக் கற்றுத் தருகிறது. பாடங்கள் இலவசம், சில நாட்களில் முடித்துவிடலாம்.

பெரிய திட்டத்தில் கை வைக்கும் துணிச்சல் வந்ததும் ஸ்கைபை, சிம்பை போன்றவற்றின் நிலுவைப் பட்டியலைப் பாருங்கள். புதியவர்களுக்கென்று எளிய வேலைகளைக் குறியிட்டு வைத்திருப்பார்கள். விளக்கப் பக்கத்தில் ஒரு பிழையைத் திருத்துவதில் தொடங்குங்கள். கூகுள் சம்மர் ஆஃப் கோட் வழியாக ஊதியத்தோடு இதைச் செய்யும் வாய்ப்பும் இருக்கிறது. 2022இலிருந்து மாணவர் அல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். ஃபாஸ்ஸீயும் கோடைக்காலப் பயிற்சிக்கு மாணவர்களை எடுக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு

நிரலை ஏஐ எழுதித் தந்துவிடுகிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். எழுதித் தருகிறது, உண்மை. முதல் பத்தியில் பார்த்த சூத்திரத்தையும் அப்படியே எழுதித் தரக்கூடும். வந்த நிரலை விடை தெரிந்த கணக்கில் ஓட்டி, அடியைப் பாதியாக்கி, கண்டிஷன் எண்ணைப் பார்த்து, ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யும் வேலை இன்னும் கூடியிருக்கிறது.

நியூரல் நெட்வொர்க்குகளுக்கு உள்ளேயே இந்தப் பிரச்சினை உட்கார்ந்திருக்கிறது. வேகத்துக்காக அங்கே 16 பிட் எண்களில் கணக்கிடுகிறார்கள். பிஃப்ளோட் 16 என்ற வடிவத்தில் நம்பத்தக்கவை இரண்டு மூன்று இலக்கங்கள்தான். அவ்வளவு குறைந்த துல்லியத்தில் கோடிக்கணக்கான எண்களைக் கூட்டியும் பயிற்சி நிலைகுலையாமல் பார்த்துக்கொள்வது, கஹானும் ஹையமும் வாழ்நாளெல்லாம் யோசித்த அதே கேள்வி. ஜிபியு நிறுவனங்களில் இந்தப் படிப்புக்கு இன்று இருக்கும் மதிப்பு அதனால் வந்தது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எண்ணியல் முறைகள் தாளை நடத்தும்போது ஓர் அலகையாவது கணினி ஆய்வகத்தில் நடத்துங்கள். நான்கு தசமம் வரை என்று வினாத்தாள் கேட்கட்டும். ஏன் நான்கு, அதற்கு மேல் ஏன் நம்ப முடியாது என்று மாணவர் ஒருமுறை தம் கண்ணால் பார்க்கட்டும்.

தொடங்க இடம் தேடுகிறவர்களுக்கு: ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தில் எண்ணியல் முறைகளுக்கும் அணிக் கணிப்புக்கும் பல பாடங்கள் இருக்கின்றன. ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பருவம் தொடங்குகிறது. வாராவாரம் ஒப்படைப்பு உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். சேர்வதற்கும் படிப்பதற்கும் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும்தான் பணம் கட்ட வேண்டும்.